பாதிப் பாலிஷ் போட்ட பரசுராமன்

காரைத் தொடுவதற்கு முன்னால் வளையலைக் கழற்றிவிட வேண்டும் என்று பரசுராமன் வீட்டில் சட்டம் போட்டான். மோதிரம், வாட்சு, சேப்டி பின் எல்லாம் இதில் அடக்கம்.

"தாலிக்கு இன்னா பண்றது?" என்று கேட்டாள் அவன் மனைவி செங்கொடி.

"முந்தானைக்குள்ள தள்ளிக்கோ."

"கொலுசு?"

"அது கால்லதான கீது? காரை எட்டி ஒதைக்காத வரைக்கும் பரவால்ல."

சட்டம் அவன் சொந்தமாக யோசித்ததல்ல. எண்ணூர் துறைமுகத்தில் அவனுக்கு வேலை. ஏற்றுமதிக்கு வரும் புத்தம்புதுக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். அங்கே பெல்ட் பக்கிள்கூட வெளியே தெரியக் கூடாது. காரில் கீறல் விழுந்தால் தலையே போய்விடும். இப்படி வருஷக்கணக்காக ஊரான் காரை ஓட்டியும், ஒரு காரில்கூட இரண்டாவது கியருக்கு மேல் போகாதவன் அவன். கடைசியில் தனக்கென்று ஒன்று வாங்கினான். பழைய கார்தான். ஆனால் கறுப்பு. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

அந்தக் கறுப்பில்தான் வந்தது வினை. அந்த மாடலுக்குப் பெயிண்ட் ரொம்ப மெத்து. துணியால் துடைத்தால் துணியின் கோடு விழும். தூசியை விரலால் தட்டினால் விரலின் கோடு விழும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்க வட்டவட்டமாகச் சிலந்தி வலை. திருவொற்றியூரில் காற்று என்றால் பாதி உப்பு, மீதி கரித்தூள். பரசுராமன் பொண்டாட்டி முகத்தைப் பார்க்காத நாள் உண்டு, பானட்டைப் பார்க்காத நாள் கிடையாது. இது செங்கொடிக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவனிடம் அவள் ஒரு சாயங்காலம் காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"தம்பி கல்யாணத்துக்கு மாப்பிள்ள ஊர்வலம் நம்ப கார்லதான்."

காபி சட்டையில் சிந்தியது. தம்பி என்றால் டில்லிபாபு. காத்திவாக்கத்தில் சொந்தமாகப் படகு வைத்திருப்பவன். அவனுக்கு நிச்சயம் முடிந்து, முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பரசுராமன் ஒரு நிமிஷம் கண்ணை மூடினான். பானட் முழுக்க சாமந்திப் பூ. பூவைப் பிடித்துக்கொள்ளக் கைநீளத்துக்கு டேப்பு. டிக்கியில் தெர்மாகோலில் வெட்டிய பெயர்கள். பேண்டுக்காரன் அடிக்கிற அடிக்குக் குப்பத்து இளவட்டங்கள் எல்லாம் மோதிரக் கையால் பானட்டிலேயே தாளம் போடுகிறார்கள். கண்ணைத் திறந்தபோது அவனுக்கு வேர்த்திருந்தது.

முடியாது என்று சொல்லலாம். ஆனால் செங்கொடியின் அப்பா துறைமுகச் சங்கத்தில் கொடி பிடித்தவர். மகளுக்குப் பெயர் வைத்ததோடு நிற்காமல், வேலைநிறுத்தம் செய்வது எப்படி என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். போன தடவை முடியாது என்று சொன்னதற்கு அடுப்பு எரியவில்லை. அதனால் பரசுராமன் யோசித்தான். யோசித்தபடியே ராயபுரத்துக்குப் போனான்.

அங்கே கார் பாலிஷ் கடை வைத்திருந்த ஹபீபுல்லா அவனுடைய பள்ளிக்கூடத்துத் தோஸ்து.

"பாய், பாலிஷ் மிஷின் ஒண்ணு குடு. நானே போட்டுக்கிறேன்."

"தோஸ்து, உன்னுது மெத்துப் பெயிண்டு. கம்பளிச் சக்கரத்தப் போட்டு அழுத்துன, கறுப்பு சாம்பலாப் பூடும். ஸ்பாஞ்ச் போடு. பாலிஷு மருந்து பட்டாணி அளவுக்கு வச்சா போதும். மிஷினு கனமே வேலைய பாத்துக்கும், நீ சும்மா புடிச்சுகினு இரு. தொடைக்க சொல்ல ஊதித் தொடை."

"ஒரு பக்கம் மட்டும் போடப் போறேன்."

"மறு பக்கம்?"

"மச்சான் கல்யாணத்துக்கு அப்பால. பாதி பாலிஷு போட்ட வண்டியில மாப்பிள்ளைய குந்த வைக்க முடியுமா? மானம் பூடாது?"

பாய்க்கு விஷயம் விளங்கிவிட்டது. "யார டபாய்க்கிற?"

"செங்கொடியத்தான்."

பாய் மிஷினைக் கையில் கொடுத்து, தோளைத் தட்டி, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான். அதுவரை அப்படி அவன் யாரையும் வழியனுப்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் காரின் நடுவில் மூக்கிலிருந்து வால் வரைக்கும் காகித டேப்பு ஒட்டி எல்லை பிரித்தான். டிரைவர் பக்கம் மட்டும் பாலிஷ் போட்டான். ஒரு சாண் இடத்தில் முதலில் பரீட்சை பார்த்தான். அப்புறம் ஸ்பாஞ்சைக் குழந்தை முதுகில் வைப்பதுபோல் வைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தான். சாயங்காலம் டேப்பைப் பிரித்தபோது காரே இரண்டாகத் தெரிந்தது. வலது பாதி புது மாப்பிள்ளை, இடது பாதி மாப்பிள்ளைக்குத் தாத்தா.

செங்கொடியைக் கூப்பிட்டு, குரலில் சோகத்தை வரவழைத்துக்கொண்டான்.

"பாத்தியா செங்கொடி, பாதிதான் ஆச்சு. மெத்துப் பெயிண்டு, அவசரப்பட்டா அவ்ளோதான். மீதிக்கு மாசக்கணக்காவும். தம்பி ஊர்வலத்துக்கு ஆவாதேன்னு எனுக்கே மனசு கஸ்டமா கீது."

செங்கொடி காரைச் சுற்றி வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஊர்வலம் எங்கேர்ந்து வருது?"

"காத்திவாக்கத்துலேர்ந்து."

"எங்க வருது?"

"இங்க, திருவொத்தியூரு மண்டபத்துக்கு."

"பீச் ரோட்டு மேலயேதான வருது? அப்ப வூடு கட, சனம் எல்லாம் வலது கை பக்கம். பாலிஷு போட்டது சனத்துக்குத் தெரியும். போடாதது கடல் பக்கம். மீனு பாத்துட்டுப் போவட்டும். மீனு யார்கிட்ட போய் சொல்லப் போவுது?"

பாதியை மாற்றிப் போட்டிருக்கக் கூடாதா என்று பரசுராமன் தன்னையே திட்டிக்கொண்டான்.

"பானட்டு? முன்னால நின்னு பாத்தா பாதி பாதி தெரியுமே!"

"பூவால மூடிடுவோம்."

"எப்டி மூடுவ? டேப்பு ஒட்டியா? பிக்க சொல்ல பெயிண்டும் கூட வரும்டி! அது மேல தெர்மாகோலு! அது மேல உங்க சித்தப்பா புள்ளைங்க தாளம்! என் வண்டிய உயிரோட பாக்க மாட்டேன்!"

உள்ளே இருந்தது எல்லாம் கொட்டிவிட்டது. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. பரசுராமன் நெஞ்சை நிமிர்த்தி, "காரு வராது" என்றான். சொல்லிவிட்டு அடுப்பங்கரைப் பக்கம் ஒருமுறை கவலையோடு பார்த்துக்கொண்டான்.

"சரி" என்றாள் செங்கொடி.

அவ்வளவுதான். அடுப்பு எரிந்தது. குழம்பு கொதித்தது. மறுநாள் அவளே வந்து சொன்னாள். "வெள்ளக் காரு ஒண்ணு பேசியாச்சு. பெருசு. உன்னுத நீ தார்ப்பாய் போட்டு மூடி வச்சுக்கோ."

கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக ஜெயித்த பரசுராமன், ஜெயித்தவன் எப்படி நடப்பான் என்று தெரியாமல் கொஞ்ச நாள் தெருவில் ஒரு மாதிரியாக நடந்தான்.

நெத்திலிக் குழம்பு வைத்த அன்று அது முடிந்தது.

"அந்த வெள்ளக் காரு டிரைவரு தங்கமான மனுசன்யா" என்று ஆரம்பித்தாள் செங்கொடி. "டேப்பு ஒட்டலாமான்னு கேட்டேன். 'நம்ப வண்டி பெயிண்டு கல்லு மாதிரிமா, ஆணியே அடிங்க'ன்னாரு."

"கல்லு மாதிரின்னா அது பெயிண்டா? சொவத்துக்கு அடிக்கிற டிஸ்டெம்பரு!"

"எனுக்கு இன்னா தெரியும். எங்க அத்ததான் பாவம், உனுக்குப் பரிஞ்சு பேசுனாங்க."

"இன்னான்னு?"

"'வுடுங்கடி, பரசு வண்டி பாதி கலீஜா கீது. எடுத்தாந்தா சிரிப்பாங்கன்னு வெக்கம். அதான் கண்டிசன் போட்டு டபாய்க்குது'ன்னாங்க."

பரசுராமன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டான்.

"வெக்கமா? எனுக்கா?"

"நான் சொல்லலப்பா. காத்திவாக்கம் பூரா சொல்லிகினு கீறாங்க. இன்னும் ரெண்டு நெத்திலி வைக்கவா?"

பரசுராமன் அன்று கையை அவசரமாகக் கழுவினான். துறைமுகத்தில் லீவு சொன்னான். மாசக்கணக்காகும் என்று அவன் சொன்ன இடது பாதி மறுநாள் காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் முடிந்துவிட்டது. கரித்தூள் விழாமல் இருக்க வாசலில் பழைய புடவைகளைக் கட்டினான். காக்காயை விரட்டினான். தும்மல் வந்தபோது தெருமுனைக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தான். சிலந்தி வலைகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கடைசி வலையும் போனபோது, எதிர்வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த கைலியின் கட்டம் கதவில் அப்படியே தெரிந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாம்!

வாசல்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த செங்கொடி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ம். பரவால்ல. ஆனா போட்டோல வெள்ளதான் ஷோக்கா வுழும்."

அதற்கு மேல் பரசுராமனால் தாங்க முடியவில்லை. நேரே காத்திவாக்கம் போனான். படகில் இருந்து இறங்கிக்கொண்டிருந்த டில்லிபாபுவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நீ என் கார்லதான் வரணும்."

"ஐய, நான் இன்னா மாமா சொல்றது? அக்கா பேசி முடிச்சுட்டுது. அக்காவக் கேளு."

அக்காவைக் கேட்டான். கேட்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. கெஞ்சினான்.

"வெள்ளக் காருக்கு வாக்கு குடுத்தாச்சேயா."

"நம்பரக் குடு, நான் பேசுறேன்."

"வேணாம் வேணாம், நானே பேசிக்கிறேன். ஆனா பூ போடணும்."

"போடு."

"டேப்பு?"

பரசுராமன் கண்ணை மூடினான். பல்லைக் கடித்தான். காத்திவாக்கம் பூராவும் சிரிப்பது காதில் கேட்டது. "ஒட்டு" என்றான்.

"பொம்பளைங்க பின்னால குந்துவோம். கையில வளையலு இருக்கும்."

"இருக்கட்டும்."

"ஆடுற பசங்க?"

"ஆடட்டும். காரு முன்னால ஆடட்டும். மேல ஏறி ஆடாம பாத்துக்கோ, உன் கால்ல வேணா வுழறேன்."

செங்கொடி பெருமூச்சு விட்டாள். "இம்மாம் கெஞ்ச சொல்ல மனசு கேக்க மாட்டேங்குது. சரி."

அன்று ராத்திரி அவன் சிரித்த முகத்தோடு தூங்கினான். காரைக் கொடுத்துவிட்டு அதற்கு நன்றியும் சொல்லிவிட்டுத் தூங்கிய மனிதன் திருவொற்றியூர் வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான்.

ஊர்வலத்தன்று கார் காத்திவாக்கம் குப்பத்தின் முனையில் நின்றது. சொந்தக்காரர்கள் சுற்றி நின்று அதில் முகம் பார்த்துப் பவுடர் போட்டுக்கொண்டார்கள். அத்தைகூட அதில் பார்த்துத்தான் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். பரசுராமனுக்குப் பெருமையும் தாங்கவில்லை, வரப்போகும் டேப்பை நினைத்துப் பயமும் தாங்கவில்லை.

டேப்பு வரவில்லை. செங்கொடியின் சித்தப்பா மகன் வேம்பு, வலை பின்னுகிறவன், ஆட்களோடு ஈரத்துணியில் சுருட்டிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிரித்தால் அது வலை. வெள்ளை நூலில் பின்னி, முடிச்சுக்கு முடிச்சு சம்பங்கிப் பூ கோத்த வலை. நாலு மூலையையும் பிடித்துப் பானட்டுக்கு மேல் மெல்ல இறக்கினார்கள். வலை முன்னால் பானட்டின் விளிம்போடு நின்றது, பின்னால் முன் கண்ணாடிக்கு ஒரு விரல் இடம் விட்டு முடிந்தது. பக்கத்துக் கண்ணாடி இரண்டுக்கும் தனித்தனியாகப் பூக்குல்லாய். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி உட்கார்ந்துகொண்டது. நூல் பூவுக்கு மேலே இருந்தது. பெயிண்டின்மேல் பட்டதெல்லாம் பூவிதழ் மட்டுமே.

பரசுராமன் குனிந்து ஒரு பூவிதழைத் தூக்கிப் பார்த்தான். இப்படி ஒரு பக்குவத்தை அவன் துறைமுகத்தில்கூடப் பார்த்ததில்லை. கறுப்பின்மேல் வெள்ளை தகதகவென்று இருந்தது. அப்போதுதான் அவனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"இன்னா வேம்பு, வெள்ளக் காருக்குப் போய் வெள்ளப் பூவா சொன்னாங்க?"

"எந்த வெள்ளக் காரு மாமா?"

"மொதல்ல பேசினாங்களே, அது."

"எனுக்குத் தெரிஞ்சு மொதல்லேர்ந்து இதான் மாமா."

பரசுராமன் திரும்பிச் செங்கொடியைப் பார்த்தான். அவள் கை நிறைய வளையலோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அப்ப அளவு? என் காரை நான் யாரையும் தொட வுடலையே! எப்ப அளவெடுத்த வேம்பு?"

"நீ வண்டிய வாங்கி எடுத்தாந்த அன்னிக்கே எடுத்துட்டமே மாமா. பூசை போட சொல்ல, பானட்ட சுத்தி வெள்ள நூலு புடிச்சோம் பாரு."

"அது திருஷ்டி கழிக்கத்தானடா?"

"அப்டித்தான் அக்கா உன்கிட்ட சொல்லிச்சு. கண்ண மூடி கும்பிட்டுகினு ஒரு மொனைய நீதான மாமா புடிச்சுகினு நின்ன?"