வைக்கோல் லாரி பக்கத்தில் நிற்கிறேன்

எங்கள் பக்கத்து ஆட்களிடம் வழி கேட்கக் கூடாது. கேட்டால் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள், இருந்ததைத்தான் சொல்வார்கள். “அந்தா, பழைய ரைஸ்மில் இருந்துச்சுல்லா, அதுலேருந்து சோத்தாங்கைப் பக்கம்” என்பார்கள். மில்லை எப்போதோ இடித்து, அங்கே மாடி வைத்த ஜவுளிக்கடை வந்திருக்கும். அந்த ஜவுளிக்கடைக்காரரே தன் கடைக்கு வழி சொல்லும்போது, “ரைஸ்மில்லுக்கு வாங்க” என்றுதான் சொல்வார். நானும் இதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். அதனால்தான், கட்டின புருஷனைப் பார்க்கப் போன இடத்தில், புளியறை ரோட்டில் ஒரு லாரிக்காரரிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

என் மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. கல்யாணம் முடிந்து, கை மருதாணி முழுதாக அழிவதற்குள் லீவு முடிந்து போய்விட்டார். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. (சொல்லும்போது சின்னதாகத்தான் இருக்கும். இருந்து பார்த்தால் தெரியும்.) வீடியோ காலில் தினமும் வருவார். ஆனால் போன் முதலில் மாமியிடம் போகும், பிறகு மாமாவிடம், பிறகு நாத்தனாரிடம், அவள் பிள்ளைகளிடம். என் கைக்கு வரும்போது அவருக்குத் தூக்கம் வந்திருக்கும். அவர் கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டு நானும் படுத்துக்கொள்வேன். அந்தக் கொட்டாவிக்காகவே நாளெல்லாம் காத்திருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் எங்கள் தெருவில் வேன் பிடித்துவிடுவார்கள். மொத்தக் குடும்பமும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகும். மாமிக்கு ஜன்னல் சீட், மாமாவுக்கு முன் சீட், நாத்தனாருக்கும் பிள்ளைகளுக்கும் நடு வரிசை, ஏர்போர்ட்டைப் பார்த்தே இராத பெரியப்பாவுக்குக் கட்டாயம் ஒன்று. கட்டினவளுக்கு?

“நீ வீட்டுல இருந்து சோறாக்கு புள்ள. வந்ததும் பசிக்கும்லா அவனுக்கு” என்றார் மாமி. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு வீடியோ காலில் நான் அழுததைப் பார்த்து மச்சான் (எங்கள் வீடுகளில் கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு திட்டம் போட்டார். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு, சனிக்கிழமையே வந்து இறங்குவார். டாக்சி பிடித்து வருவார். கேரள எல்லை தாண்டி மலை இறங்கியதும், நான் வழியில் நிற்க வேண்டும். இரண்டு பேரும் அப்படியே குற்றாலம் ஐந்தருவிக்குப் போய், யாரும் தெரியாத கூட்டத்தில் அரை நாள் இருந்துவிட்டு, பிறகு வீட்டுக்குப் போய் நல்ல பிள்ளைகளாக ஏச்சு வாங்கிக்கொள்வது.

“எங்கன நிக்கட்டும்?” என்று கேட்டேன்.

“புளியறைல ஆலமரத்தடி இருக்குல்லா, அங்கன நில்லு. அந்த மரத்தப் பாத்தாத்தான் எனக்கு ஊரு வந்த மாதிரி இருக்கும்.”

சனிக்கிழமை, செங்கோட்டையில் இருக்கும் என் உம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று மாமியிடம் சொன்னேன். உம்மாவிடம், கூடப் படித்தவளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். ஹாட்பாக்ஸில் பிரியாணி, பெட்டியிலேயே மடித்துக் கிடந்த பச்சைப் புடவை, மேலே புர்கா. ஆட்டோக்காரரிடம், “ஆலமரத்தடி அண்ணாச்சி” என்றேன். சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

இறங்கிப் பார்த்தால் தார் ரோடும் வெயிலும்தான் இருந்தன.

“அண்ணாச்சி, மரம் எங்க?”

“மரத்தை ரோட்டு வேலைக்கு அப்பவே வெட்டியாச்சே.”

“அப்ப ஆலமரத்தடின்னு இறக்கிவிடுதிய?”

“மரத்தத்தானம்மா வெட்டுனாவ, எடம் இங்கனதானே இருக்கு?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் இரண்டு வருடமாக ஊரில் இல்லாதவருக்கு இது எப்படித் தெரியும்?

அந்த நேரம் பார்த்து போன் வந்தது. மச்சானுடைய ஊர் நம்பர் செத்துப் போயிருந்ததால் டாக்சி டிரைவரின் போனில் பேசினார். அது பட்டன் போன். லொகேஷன் அனுப்ப முடியாது. மலைப் பாதை வேறு. குரல் விட்டு விட்டுக் கேட்டது.

“மச்சான், மரம் இல்ல!”

“என்னது இல்ல?”

“மரம்! வெட்டிட்டாவ!”

“அப்ப எங்கட்டி நிக்க? சீக்கிரம் சொல்லு, சிக்னல் போவுது!”

சுற்றிலும் பார்த்தேன். சாப்பாட்டுக் கடைகளில் பாதிக்கு மலையாளத்தில் போர்டு, மீதிக்குப் போர்டே இல்லை. கண்ணுக்கு நிறைந்து நின்றது ஒன்றுதான். “வைக்கோல் லாரி பக்கத்துல நிக்கேன்! கண்ணாடிக்கு மேல மயில் படம் போட்டிருக்கும்!” என்றேன். போன் கட்டாகிவிட்டது. என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டு லாரியின் நிழலில் நின்றேன். (கேரளத்து மாடுகளுக்கு நம்மூர் வைக்கோல்தான் போகிறது. அந்த ரோட்டில் வைக்கோல் லாரியை அடையாளம் சொல்வதும், கடற்கரையில் அலையை அடையாளம் சொல்வதும் ஒன்று. அன்றைக்கு அது தோன்றவில்லை.)

சற்று நேரத்தில் லாரிக்காரர் கடையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். ஓடிப்போய்க் கதவருகே நின்றேன்.

“அண்ணாச்சி, இப்பமே கிளம்புதியளா?”

“ஆமாம்மா. ஏன், டயர்ல காத்து இல்லையா?”

“இல்ல... கொஞ்ச நேரம் கழிச்சுப் போங்களேன். ஒங்க லாரியத்தான் அடையாளம் சொல்லியிருக்கேன்.”

அவர் லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “லாரிய யாராவது அடையாளம் சொல்லுவாவளாம்மா? அசையாத பொருளாப் பாத்துச் சொல்லாண்டாமா?”

“அசையாம இருந்த மரத்தத்தான் வெட்டிட்டாவளே அண்ணாச்சி. பிரியாணி இருக்கு, சாப்பிட்டுட்டுப் போறியளா?”

“இப்பதாம்மா பரோட்டா தின்னேன்” என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு, என் அடையாளத்தை ஸ்டார்ட் செய்து மலையேற்றிக்கொண்டு போய்விட்டார்.

நடந்ததை மச்சான் பிறகு சொன்னார். ஆரியங்காவு வளைவில் மயில் படம் போட்ட வைக்கோல் லாரி எதிரே வந்திருக்கிறது. மனுஷர் பதறிப்போய், “லாரி போகுது, வண்டியத் திருப்பும்!” என்று கத்தி, டாக்சியைத் திருப்பி அதன் பின்னாலேயே விரட்டியிருக்கிறார். வந்த வழியே தென்மலை வரை போயும் முந்த முடியவில்லை. கடைசியில் மறித்து நிறுத்தி, “எம் பொண்டாட்டி எங்க?” என்று கேட்டாராம். அந்த லாரிக்காரர் நல்ல மனுஷர். “ஓய், அந்தப் பிள்ளையோட மாப்பிள்ளை நீருதானா? அங்கனதான் நிக்கு. அழுத மாதிரி இருந்துச்சு. லாரிய விட்டுட்டுப் போய் அதப் பாரும்” என்று திட்டி அனுப்பியிருக்கிறார்.

இங்கே நான் அழுத மாதிரி நிற்கவில்லை, அழுதுகொண்டேதான் நின்றேன். அப்போது ஒரு பைக் வந்து நின்றது. மாமியின் தம்பி. கேரளாவுக்கு வாழைத்தார் அனுப்புகிறவர்.

“ஏ நசீமா, இங்கன என்ன செய்யுத?”

“சும்மா, காத்து வாங்க வந்தேன் மாமா.”

லாரிப் புகையில் நின்று காற்று வாங்குகிற மருமகளைப் பார்த்தால் யார்தான் நம்புவார்கள்? இரண்டாவது கேள்வியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசி வைத்திருந்த வேன், சனிக்கிழமையே மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு புளியறைக்கு வந்தது. பெரியப்பாவும் இருந்தார்.

மாமி வேனிலிருந்து இறங்கினார். என் பக்கத்தில் வந்து நின்று, ரோட்டையே பார்த்தார். மகனுக்காகத் தவிக்கிற முகம். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்கு இருந்த கோபம் போயிற்று.

டாக்சி வந்தது. மச்சான் இறங்கியதும் எல்லோரும் போய்க் கட்டிக்கொண்டார்கள். இரண்டு வருடம் கனவு கண்டுவைத்த அந்த முதல் பத்து நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது, நாத்தனாரின் தலைக்கும் பெரியப்பாவின் தொப்பிக்கும் நடுவே தெரிந்த பாதி முகம்தான். மெலிந்திருந்தார். அந்தப் பாதி முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. வேனில் அவரை முன்னால் ஏற்றினார்கள். என்னைக் கடைசி வரிசையில், பெட்டிகளோடு. பிரியாணியை வழியிலேயே பிள்ளைகள் தின்று முடித்தார்கள். ஐந்தருவிக்குப் போகவே இல்லை.

அந்த லீவும் முடிந்தது. போனார், வந்தார், போனார். இன்னமும் அங்கேதான் இருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு வேனில் திரும்பும்போது எதிரே எந்த வைக்கோல் லாரி வந்தாலும் என் மகள், “உம்மா, ஒங்க ஆலமரம் போவுது!” என்று கத்துவாள், சிரிப்பில் வேனே குலுங்கும். அவரைக் கொண்டுபோய் விடுகிற நாளில் மட்டும் யாரும் கத்துவதில்லை.

ஆனால் ஒன்று: அதற்குப் பிறகு ஒரு தடவைகூட என்னை வீட்டில் விட்டுவிட்டு வேன் கிளம்பியதில்லை. “அவள மொதல்ல ஏத்துங்கலே. இல்லாட்டி எந்த லாரிகிட்டயாவது போய் நின்னுக்கிடுவா” என்று மாமியே முன் சீட்டைக் காட்டுவார். ஏர்போர்ட் வாசல் கூட்டத்திலும் கம்பி ஓரம் வரை அவர்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போவார். கண்ணாடிக் கதவு திறந்து டிராலியோடு மச்சான் தெரிந்ததும், “கைய ஆட்டுட்டி, அவனுக்குத் தெரியாண்டாமா!” என்று விலாவில் இடிப்பார்.

நான் ஆட்டுவதில்லை. அசையாமல் நிற்பேன். வந்துவிடுவார்.