ஒப்பீனியன் சாரின் இரண்டாவது தட்டு

உலகத்திலேயே வாயால் பதில் சொல்லாத ஒரே வக்கீல் எங்கள் ஒப்பீனியன் சார்தான். நான் துபாய்ப் பக்கம் புஜைரா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மரியாதைக்காக, "டீ குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டுவைத்தேன்.

"எழுத்துல கேளுங்க" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பச்சைத் தாளை எடுத்து நீட்டினார். டீ வேண்டுமா என்று அதில் எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. "1. பார்வையில் காணும் கேள்வி பரிசீலிக்கப்பட்டது. 2. கேட்பவர் தெரிவித்த விவரங்களின் அடிப்படையில் மட்டுமே இக்கருத்துரை வழங்கப்படுகிறது. 3. குடிக்கலாம். சர்க்கரை வேண்டாம்." அதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயிண்ட் என்று கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்து எங்கே வில்லங்கம் இருக்கிறது என்று சொல்வது சாரின் வேலை. விசாவில் மட்டும் அவருடைய தொழில் ஆர்கைவ் கிளார்க், அதாவது ஃபைல் அடுக்குகிறவர். ஊரில் அவர் அரசு வழக்கறிஞராக இருந்தவர். எங்கள் பக்கத்து மலை ஊர்களில் பழங்குடி மக்களின் நில உரிமை பற்றி அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தால் ஃபைல் இவரிடம் வரும், இவர் சட்டம் என்ன சொல்கிறது என்று கருத்துரை, அதாவது ஒப்பீனியன், எழுதி அனுப்புவார். ஆட்சி மாறியதும் பதவி போய்விட்டது. பழக்கம் மட்டும் போகாமல் பெட்டியோடு விமானம் ஏறி வந்துவிட்டது. அவருடைய நிஜப் பெயர் எமிரேட்ஸ் ஐடிக்குத்தான் தெரியும், எங்களுக்கு அவர் ஒப்பீனியன் சார்.

ஆபீஸ் ஃபிரிட்ஜில் இரண்டாவது தட்டில் சாரின் தயிர்க் கிண்ணம் இருக்கும். ஒருநாள் புதிதாக வந்த ஸ்டோர்கீப்பர் அந்த இடத்தில் தன் மீன்குழம்பை வைத்துவிட்டார். வேறு யாராவது என்றால் சண்டை போட்டிருப்பார்கள். சார், மலை நிலத்துக்குப் போடுவதுபோலவே, உரிமைகோரல் மனு போட்டார்.

"மூணு வருஷமா அந்தத் தட்டை அனுபவிச்சுட்டு வரேன். இதுவரைக்கும் யாரும் ஆட்சேபிக்கல. இந்த ஆபீஸ்ல மூத்தவங்க யாரு?" என்று கேட்டு, டீ போடும் ஹமீது பாயை உட்காரவைத்து வாக்குமூலம் வாங்கினார். தட்டின் ஓரத்தில் தயிர் சிந்தி உலர்ந்த வட்டத்தை போட்டோ எடுத்து, 'அனுபவத்துக்கான பௌதிக அடையாளம்' என்று இணைத்தார். ஸ்டோர்கீப்பர் பயந்துபோய் அன்றைக்கே மீன்குழம்பைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டார்.

அடுத்தது ஏசி. எத்தனை டிகிரியில் வைப்பது என்று எங்களுக்குள் தினமும் தகராறு. "கிராம சபையைக் கூட்டுங்க" என்றார் சார். மலை ஊர்களில் நில உரிமையை முடிவு செய்கிற கிராம சபைக்குப் பாதிப் பேராவது வரவேண்டுமாம், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டுமாம். எங்கள் ஆபீசில் ஒன்பது ஆண்கள், ஒரே பெண், ரிசப்ஷனில் இருக்கும் பிலிப்பினோக்காரி ஜாய். கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது.

"பெண்கள் இல்லாம தீர்மானம் செல்லாது" என்று சார் பிடிவாதமாக நின்றார். கடைசியில் எங்கள் வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். என் மனைவி அடுப்படியிலிருந்து, "இவரு வீட்ல பதினெட்டுல வெச்சு எங்களை நடுங்க வைக்கறாரு. அங்கயாவது இருபத்துநாலுல வைங்க சார்" என்றாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நான் மட்டும் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் கேலி செய்துகொண்டிருந்த எங்கள் மலையாளி மேனேஜர் ஜார்ஜ் ஒருதடவை வசமாக மாட்டிக்கொண்டார். கடற்கரை ஓரத்துக் காலி இடத்தில் கம்பெனிக்கு ஷெட் போடத் திட்டம். அனுமதி கேட்கும் கடிதத்தை சரிபார்க்கச் சொல்லி சாரிடம் கொடுத்தார்கள். சார் நான்கு பக்கம் எழுதினார். அந்த மணலில் வயதான மீனவர்கள் சிலர் வலை காயப்போடுகிறார்கள், எத்தனை காலமாக என்று விசாரிக்காமல், அவர்களைக் கேட்காமல், ஒரு கம்பிகூட நடக்கூடாது என்பது சாரம்.

"எந்தா சாரே இது? ஷெட் போடறதுக்கு வலைக்காரங்ககிட்ட பெர்மிஷனா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் ஜார்ஜ். விஷயம் முதலாளி வரை போயிற்று. எங்கள் அர்பாப் புஜைராவிலேயே பிறந்து வளர்ந்த அரபி, அதிகம் பேசாதவர். நான்கு பக்கத்தையும் ஒருவரை விட்டு மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அங்கே வலை காயப்போட்டது என் தாத்தா" என்றார். "இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் இந்த ஹிந்தி." அரபிகளுக்கு இந்தியாக்காரர் எல்லாருமே ஹிந்திதான். ஷெட் வேறு இடத்துக்குப் போயிற்று. அன்றிலிருந்து சாரைப் பார்த்தால் அர்பாப் நெஞ்சில் கைவைத்து சலாம் சொல்லுவார், எங்களுக்கு அந்த பாக்கியம் கிடையாது.

இப்படி மூன்று வருஷம் கொடிகட்டிப் பறந்த மனிதரைக் கவிழ்த்தது ஒரு வாட்ஸப் போட்டோ.

எங்கள் லோடிங் செக்‌ஷனில் வெள்ளையன் என்று ஒரு தம்பி இருந்தான். சார் வேலை பார்த்த மாவட்டத்து மலை ஊர்க்காரன், பழங்குடி. இங்கே தொழிலாளர் கேம்ப்பில் ஆறு பேர் தங்கும் ரூமில் இருந்துகொண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் ஊருக்குப் போய்வருவான். அவன் தாத்தா காலத்திலிருந்து சாமை விதைத்துவந்த இரண்டு ஏக்கர் காட்டு நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்டு அவன் பேரில் மனுப் போட்டிருந்தார்கள். கிராம சபை சரி என்று சொல்லிவிட்டது. மேலே இருந்த குழு தள்ளிவிட்டது. அந்த உத்தரவு அவன் மனைவி பொன்னியின் கைக்கு வந்து, அவள் அதை போட்டோ எடுத்து அனுப்பி, வெள்ளையன் போனைத் தூக்கிக்கொண்டு சாரிடம் ஓடிவந்தான்.

"சார், இது போச்சுன்னா எங்களுக்கு மலையில நிக்க எடமில்ல சார். என் ஊட்டுக்காரியும் புள்ளைங்களும் எங்க போவாங்க?"

"எழுத்துல கேளு வெள்ளையா" என்று ஆரம்பித்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு போனை வாங்கிக்கொண்டார். படிக்கப் படிக்க அவருக்கு ரத்தம் சூடேறியது.

"மனுதாரர் வெளிநாட்டில் வசிப்பதால் வனத்தில் வசிப்பவர் அல்ல" என்று படித்தார். "அடடா! இவன் இங்க வசிக்கறானா? ஆறு பேர் ரூம்ல அடுக்குக் கட்டில்ல மேல்தட்டுல படுத்திருக்கறவன் வசிக்கறவனா? வேலைக்குப் போனவன் குடிபோனவன் ஆயிடுவானா? எந்த முட்டாள்யா இதை எழுதினது?" ஆபீஸே எழுந்து நின்று கேட்டது. அரை மணி நேரம் அந்த உத்தரவை நார் நாராகக் கிழித்தார். ஜார்ஜ்கூடக் கை தட்டினார்.

"அது கூட இன்னொரு பேப்பரும் இருக்குது சார்" என்றான் வெள்ளையன். "ஆதாரம்னு போட்டு இணைச்சிருக்காங்க. அடுத்த போட்டோ."

சார் விரலால் தள்ளினார். "1. பார்வையில் காணும் கேள்வி பரிசீலிக்கப்பட்டது. 2. தெரிவிக்கப்பட்ட விவரங்களின் அடிப்படையில் மட்டுமே..." என்று உரக்கப் படித்துக்கொண்டே போனவரின் குரல் இறங்கியது. கடைசிப் பக்கத்துக்குப் போனார். அரசு வழக்கறிஞர் என்ற முத்திரைக்கு மேலே, தினமும் எங்கள் பச்சைத் தாள்களில் பார்க்கிற அதே கையெழுத்து, அதே நீண்ட வால்.

சார் போனை வெள்ளையனிடம் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கும் மறுநாளும் பச்சைத் தாள் வெளியே வரவில்லை. தயிர்க் கிண்ணம் தொடாமல் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் அவரே எழுந்து லோடிங் ஷெட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"வெள்ளையா, நான் தப்பு பண்ணிட்டேன்" என்றார். வாயாலேயே சொன்னார். "வெளிநாடு போனவங்களுக்கு உரிமை உண்டான்னு அப்ப ஒரு கேள்வி வந்துச்சு. குடும்பத்தோட போய் செட்டில் ஆனவங்கன்னு அதிகாரிங்க எழுதியிருந்தாங்க. நானும் நம்பி எழுதிட்டேன். உன் ஊட்டுக்காரிக்குப் போன் போடு."

வீடியோவில் பொன்னி வந்தாள். நிலத்தில் நின்றுகொண்டிருந்தாள். சார் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். கல் வரப்பு, பலா மரம், சாமை அறுத்த தாள். மலையில் சிக்னல் போய்ப்போய் வந்தது. "அம்மா, அந்தக் கல்லைக் காட்டும்மா! அது வேணாம்மா, அது ஆடு!" என்று சார் கத்த, லாரி டிரைவர் கான் பாய், "க்யா ஹுவா பாய், பக்ரி கோ கயா?" என்று, ஏதோ ஆடு தொலைந்துவிட்டதாக நினைத்துப் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"இது எங்க மாமனாரைப் புதைச்ச எடம். அது அவங்க அப்பாரை" என்று பொன்னி இரண்டு நட்ட கற்களைக் காட்டினாள். "நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இந்த மலைய வுட்டு எறங்கல சாமி. என்னைக் கேக்காம இங்க யாருமில்லன்னு எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"நான்தாம்மா."

பொன்னி போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"நீங்களா? நீங்க இங்க வந்து பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்பறம் எதை வெச்சு எழுதினீங்க?"

"சொன்னதை வெச்சு" என்றார் சார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன மிகச் சிறிய கருத்துரை அதுதான்.

விஷயம் என்னவென்றால், அந்த உரிமைப் பத்திரமே கணவன், மனைவி இரண்டு பேர் பேரிலும் சேர்த்துத் தரவேண்டியது. ஏசிக்கே பெண்களைக் கேட்காமல் தீர்மானம் போடாத மனிதர், நில விஷயத்தில் வீட்டிலிருந்த பெண்ணை மறந்துவிட்டிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் கெடு. காகிதம் பொன்னி கைக்கு வரவே நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டதால், மிச்சம் பதினேழு நாள்தான் இருந்தது.

அன்று மாலைக்குள் பச்சைத் தாளில் ஒன்பது பக்கம் எழுதி முடித்தார். தன் பழைய கருத்துரைக்குப் பத்திவாரியாக மறுப்பு. ஒன்றாம் பத்தி தவறு, இரண்டாம் பத்தி பெருந்தவறு, மூன்றாம் பத்தியை எழுதியவர் மலைப் பக்கமே போகாதவர் என்று நீண்டது. மூன்றாம் பத்தியை மட்டும் என்னிடம் இரண்டுமுறை படித்துக் காட்டி, "இன்னும் கொஞ்சம் காரமா இருக்கலாமோ?" என்று கேட்டார்.

"மனுவைத் தபால்ல அனுப்பினா போதாது. எழுதினவனே போய் நின்னு, நான் பாக்காம எழுதினேன்னு சொல்லணும்" என்று லீவு கேட்டார். ஜார்ஜ் தயங்கித் தயங்கி ஒரு தாளை எடுத்து வைத்தார். முப்பது நாள் முன்னறிவிப்பு இல்லாமல் யாருக்கும் லீவு கொடுக்கக்கூடாது என்ற கருத்துரை. கீழே அதே நீண்ட வால்.

"இதை எழுதினவனும் மகா முட்டாள்தான்" என்றார் சார்.

ஜார்ஜுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நேராக அர்பாபிடம் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளையன், நிலம், இரண்டு நட்ட கல் என்று சார் உடைந்த ஆங்கிலமும் உடைந்த அரபியுமாக விளக்கினார். அர்பாப் பாதியிலேயே கையைத் தூக்கி, "கலாஸ், யல்லா, போ" என்றார். டிக்கெட் அன்றைக்கே போடப்பட்டது.

போனவர் திரும்பி வரவில்லை. மாவட்டக் குழு முன்னால் நின்று, "இந்தக் கருத்துரையை எழுதியவர் இங்கே ஆஜராகி, அது தவறு என்று சொல்கிறார், அந்த நபர் நான்தான்" என்றாராம். அங்கே இருந்தவர்களுக்கு எந்தப் பக்கத்து வக்கீல் இவர் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்றாம். தன் கருத்துரையைக் காட்டித் தள்ளிவிட்ட மனுக்கள் இன்னும் இருக்கின்றன என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ராஜினாமாவைப் பச்சைத் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, ஒவ்வொரு ஊராக மலையேறப் போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து வெள்ளையன் ஒரு போட்டோவோடு வந்தான். உரிமைப் பத்திரம். பொன்னி, வெள்ளையன் என்று இரண்டு பெயர்களும் இருந்தன. லோடிங் ஷெட்டில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தான். கான் பாய் இரண்டு லட்டு எடுத்துக்கொண்டு, "பக்ரி கைசா ஹை?" என்று ஆட்டின் நலம் விசாரித்தார்.

போன மாதம் எனக்கு ஒரு குழப்பம். பிள்ளையின் படிப்பு, அப்பாவின் உடம்பு, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று இருந்தது. சாருக்கு எழுத்துமூலமாக வாட்ஸப்பில் கேட்டேன். பச்சைத் தாளை எதிர்பார்த்தேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது. மூச்சு வாங்கியது, எங்கேயோ மலையேறிக்கொண்டிருக்கிறார். "நீங்க எழுதினதை வெச்சு நான் சொல்லமாட்டேன். வந்து உங்க வீட்ல ஒருநாள் உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

நேற்று புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஃபிரிட்ஜைத் திறந்து, "ரெண்டாவது தட்டு காலியாத்தானே இருக்கு, என் சாப்பாட்டை வெச்சுக்கலாமா சார்?" என்று கேட்டான். சாரின் இழுப்பறையிலிருந்து ஒரு பச்சைத் தாளை எடுத்து நீட்டி, "எழுத்துல கேளுங்க" என்றேன். அவர் எப்போது வருவார் என்று தெரியாது, ஆனால் வந்தால் தயிர் வைக்க அவருக்கு இடம் வேண்டும்.