புரட்டாசியில் மணத்த பெஞ்சு

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. ஊரில் எல்லோர் மீதும் அல்ல, என் சகலை ஒருவர் மீது மட்டும். மனைவியின் அக்காவைக் கட்டிய சிதம்பரத்துக்காரர், துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். உரிமம், அனுமதி எல்லாம் முறையாக வைத்துக்கொண்டு, சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களுக்குத் தானே மறுபடி வெடிமருந்து நிரப்புவார். தோட்டாவை அழுத்தி மூடும் கைக்கருவியைப் பொருத்த வீட்டில் கனத்த பெஞ்சு ஒன்று போட்டிருக்கிறார். மாமனாருக்கும் அதே ஊர்தான்; யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய் அதைத்தான் முதலில் காட்டுவார்.

"பெரிய மாப்ள எவ்ளோ அழுத்துனாலும் இது ஆடாது, பாருங்க."

சின்ன மாப்பிள்ளையான நான் பக்கத்தில் காபி டம்ளரோடு நிற்பேன்.

நானும் சுடும் கிளப்பில் சேர்ந்தேன். துப்பாக்கி கிடையாது, உரிமத்துக்கு மனுகூடப் போடவில்லை. (பெஞ்சு போட எதற்கு உரிமம்?) அவருடையதைவிடக் கனமான பெஞ்சு வேண்டும், மாமனார் அதைத் தட்டிப் பார்த்து நாலு பேரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கடலோரக் கிள்ளை கிராமத்தில் ஒருவர் பழைய மரப்படகைப் பிரித்துப் பலகை விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன்.

"எண்ணெ குடிச்ச மரம் சார், ஆயுசுக்கும் உளுத்துப் போவாது" என்றார். என்ன எண்ணெய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கடலூரில் எங்கள் மாடியில், தகரக் கூரை போட்ட அறையில், ஆசாரி பெஞ்சைச் செய்து முடித்தார். அந்த வாரம் முழுக்க மழை. குளிர்ச்சியில் பலகை சாதுவாக இருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை திருவந்திபுரம் கோயிலுக்கு வந்த மாமனாரையும் சகலையையும் சாப்பிட அழைத்தேன். அன்றைக்கென்று பார்த்து வெயில் கொளுத்தியது.

நெற்றியில் நாமமும் கையில் துளசியுமாக மாமனார் மாடியேறினார். துளசியைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"என்னா மாப்ள, பொரட்டாசில மீனு வறுக்கறீங்களா?"

"ஐயோ மாமா, வீட்ல முட்டகூட இல்ல!"

எதிர்வீட்டுப் பூனை பெஞ்சின் காலை நக்கிக்கொண்டிருந்தது. மாமனார் குனிந்து பலகையை முகர்ந்தார். படகுக்குப் பூசிப் பூசி ஊறிய சுறா எண்ணெய், வெயிலில் பளபளவென்று கசிந்திருந்தது.

"இதும்மேலயா துளசிய வச்சேன்!"

கீழே இறங்கியவர் மறுபடி தலைக்குக் குளித்தார். போட்ட இலையில் உட்காரவே இல்லை. "அப்பா, அது பெஞ்சு நாத்தம்பா, நம்ம வீட்ல யாரும் மீனத் தொடல" என்று என் மனைவி கெஞ்சியும் கேட்காமல் சிதம்பரம் பஸ் ஏறப் புறப்பட்டுவிட்டார்.

மாடியில் சகலை இரண்டு கைகளாலும் பெஞ்சை உலுக்கிப் பார்த்தார். "சகல, என்னுதவிட இது ஸ்ட்ராங்கு. அசையவே மாட்டுது" என்றார். அதை மாமனார் இருக்கும்போது சொல்லித் தொலைத்தால் என்ன? அவர்மேல் இருந்த பொறாமை இன்னும் ஒரு படி ஏறியது.

பெஞ்சைக் கொல்லைக்குத் தள்ளியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து மாமனார் வீட்டில் மீனுக்குப் பெயரே பெஞ்சுதான். ஞாயிற்றுக்கிழமை பந்தியில் மாமனார் உரக்கச் சொல்வார்:

"சின்ன மாப்ளைக்கு இன்னொரு துண்டு பெஞ்சு வையி."

எல்லோரும் சிரிப்பார்கள். பெரிய மாப்பிள்ளை இலையில் விழும்போது மட்டும் அது மீன்.