இரண்டாம் படி

ஒப்பம் வைத்துவிட்டு வந்த பிறகுதான் படி என்று ஒன்று இருப்பதே நகுலேஸ்வரனுக்குத் தெரியவந்தது.

இத்தாலியில் 2015இல் வந்த சட்டம் அது. வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தரவேண்டிய ஓய்வுக் காசை, விரும்பினால் இனிமேல் மாதாமாதம் சம்பளத்தோடு சேர்த்தே எடுக்கலாம். கேட்டதும் மனிதர் ஓடிப்போய் ஓம் என்று எழுதிக் கொடுத்தார். முன்பு வுச்சீரியாச் சந்தையில் அவரை வைத்திருந்த சாப்பாட்டுக்கடைக்காரன் அந்தக் காசோடு எங்கேயோ மறைந்துபோனவன். இனி ஒருவனிடமும் காசை விட்டுவைப்பதில்லை என்பது அன்று எடுத்த முடிவு.

மருமகள் சாரங்கா கணக்குப் பார்த்தாள்.

"மாமா, இதையும் சேர்த்தால் உங்கடை வருமானம் வரியிலை ரெண்டாம் படிக்குப் போகுது. அங்கை வரி வீதம் கூட."

"முழுச் சம்பளத்துக்குமோ?"

"இல்லை மாமா. படிக்கு மேலை நிக்கிற துண்டுக்கு மட்டும்தான்."

"உனக்கு அப்பிடிச் சொல்லியிருப்பாங்கள். வெட்டுறவன் எங்கை வெட்டுறன் எண்டு சொல்லிப்போட்டோ வெட்டுவான்?"

கொடுத்த ஒப்பத்தைத் திருப்பி வாங்கலாமா என்று கேட்டார். 2018 வரைக்கும் ஏலாதாம். சரி, காசை மாற்ற முடியாவிட்டால் வேலையைக் குறைப்பது. என்ன வந்தாலும் இரண்டாம் படியில் கால் வைப்பதில்லை.

கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையைத் திருத்தி ஹோட்டலாக்கியிருந்தார்கள். மூன்று மாடி, லிப்ட் கிடையாது. அங்கேதான் அவருக்குத் துப்புரவு வேலை. மறுநாள் வாளியும் கையுமாக முதலாளியம்மாவின் முன் போய் நின்றார். வரிப் படிக்குச் சாரங்கா சொல்லிக்கொடுத்த இத்தாலியச் சொல் வாயில் நிற்கவில்லை. அதனால் என்ன, தினமும் தேய்த்துக் கழுவுகிற படிக்கு இத்தாலியனில் பெயர் தெரியாதா? சிஞ்ஞோரா, நான் இரண்டாம் படி ஏறமாட்டேன், வேலையைக் குறையுங்கள் என்று அடித்துச் சொன்னார்.

சிஞ்ஞோரா அவருடைய காலைப் பார்த்தாள். சப்பாத்தை வைத்து என் வசதியை அளக்கிறாள் என்று நினைத்த நகுலேஸ்வரன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அன்றே மேல்மாடிகள் யோசப்பினிடம் போயின. யோசப்பின் அங்கே கட்டில் விரிக்கும் மன்னார்ப் பெண். இவருக்குக் கீழ்த்தளம் மட்டும். ஆனால் மாத முடிவில் சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை.

சூழ்ச்சிதான், சந்தேகமில்லை. திரும்பவும் போனார். இன்னும் குறைக்காவிட்டால் படி வந்துவிடும் என்றார். சிஞ்ஞோராவுக்குக் கண் கலங்கியது. அவரைக் குசினிக்குக் கூட்டிப்போய், மெத்தை போட்ட கதிரையில் இருத்தி, கத்தரிக்காய் வெட்டக் கொடுத்தாள். அந்த மாதம் சம்பளத்தோடு மேலதிகமாகவும் ஏதோ விழுந்திருந்தது.

"என்னண்ணை, மாப்பிள்ளை மாதிரி மெத்தையிலை இருந்து கத்தரிக்காய் வெட்டுறியள்?" என்றாள் யோசப்பின்.

"இருத்தி வைச்சு வேலையாலை கலைக்கப் பாக்கிறாள், பிள்ளை. என்னட்டை நடக்காது."

வரிப் படியின் கதையை அவளிடம் அவிழ்க்கவில்லை. யோசப்பினையும் அவர் நம்பவில்லை.

மூன்றாம் தரம் சிஞ்ஞோராவை வாசலிலேயே மறித்தார். சாகும்வரைக்கும் அந்தப் படி ஏறமாட்டேன் என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்கள் எத்தனை கிலோ என்று கேட்டாள். அதிகாரத்தில் உள்ளவர்கள் எந்த இலக்கத்தைக் கேட்டாலும் குறைத்துச் சொல்வதுதான் அவருடைய வழக்கம். இதையும் குறைத்தே சொன்னார். நிறைக்கும் வரி வந்துவிட்டதாக்கும்.

அடுத்த கிழமை இரண்டு பேர் வந்து மாடிப்படி நெடுக இரும்புத் தண்டவாளம் பூட்டினார்கள். அதன்மேல் ஒரு கதிரை. பொத்தானை அமத்தினால் படிப்படியாக ஊர்ந்து மேலே போனது, கீழே வந்தது. நகுலேஸ்வரன் கணக்குப் போட்டார். பழைய வருடங்களின் ஓய்வுக் காசு இன்னும் சிஞ்ஞோராவிடம்தான் கிடக்கிறது. அதைத்தான் எடுத்துச் சுவரில் அடிக்கிறாள்.

கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு எழும்பிப் போனார். படியடியில் யோசப்பின் துணிக்கட்டோடு நின்றாள்.

"ஆற்றை காசிலை இந்தக் கூத்து? ஆருக்கு இந்தக் கதிரை?"

"சிஞ்ஞோராவின்ரை காசிலை, உங்களுக்குத்தான் அண்ணை. முழங்கால் ஏலாமல் படியேறமாட்டன் எண்டு மூண்டு தரம் போய்ச் சொன்னியளாமே, இனி இதிலை இருந்து ஏறுங்கோவன், நாளையிலையிருந்து மேல்மாடி திரும்ப உங்களுக்குத்தானாம், அதோடை ஓவர்டைமும் தருவாவாம்."