அது அரசாங்கம், இது அப்பா

"எங்கப்பா குளிக்கும்போது திட்டுவாரே, அந்த முதலாளி நீங்கதானே?"

எட்டு வயது மைலென் மரியாதையாகத்தான் கேட்டாள். அப்பா ரொஹேலியோவுக்குக் கறி அடைத்த எம்பனாடா தொண்டையில் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த முதலாளி அமான்சியோ வாயைத் துடைத்துக்கொண்டார். ரொசாரியோ நகரில் அவர் திறக்கப்போகும் இரண்டாவது டைல்ஸ் கடைக்கு மேலாளர் யார் என்பதை முடிவு செய்யத்தான் மனைவியோடு விருந்துக்கு வந்திருந்தார்.

"வீட்டையே அடக்கத் தெரியலையே, ரொஹேலியோ! கடையை எப்படி நடத்துவே? எங்க வீட்டுல நான் பேசினா வேற ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

அவர் மனைவி தெல்ஃபினா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அதான் நான் சொல்லிட்டேன்ல," என்றார் அமான்சியோ. அந்த அம்மாள் ஒரு ஆலிவ் காயைக் கடித்துக்கொண்டார்.

ரொஹேலியோ உடனே சட்டம் போட்டான். "மைலென், விருந்தாளி இருக்கும்போது குழந்தைங்க பேசக் கூடாது."

"நாட்டுல பேச உரிமை வேணும்னு காலேஜ் படிக்கும்போது தெருவுல பாத்திரம் தட்டினேன்னு சொன்னீங்களே?"

"அது அரசாங்கம். இது அப்பா."

"என்ன வித்தியாசம்?"

"அரசாங்கத்தை மாத்தலாம்," என்றாள் மனைவி நொயெமி, சாலட்டைப் பார்த்தபடி.

மைலென் சமையலறைக்கு நாடு கடத்தப்பட்டாள். "நான் போய் இனிப்புக்கு ஃபிளான் எடுத்துட்டு வரேன்," என்று தெல்ஃபினாவும் பின்னாலேயே எழுந்து போனார்.

அமான்சியோ டைல்ஸ் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

டங். டங். டங்.

ரொஹேலியோ ஓடினான். சமையலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"மைலென், நிறுத்து!"

டங் டங்.

"ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்டா!"

டங்டங்டங். லஞ்சம் கொடுத்ததும் சத்தம் கூடிவிட்டது.

அந்தத் தெருவில் பாத்திரச் சத்தம் கேட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. மின்கட்டணமோ, இறைச்சி விலையோ, எதிர்த்துப் போராட ஏதாவது இருக்கத்தான் செய்யும். எதிர்வீட்டு பால்கனியில் ஒரு வாணலி பதில் சொன்னது. மேல்மாடியில் ஒரு மூடி. கொஞ்ச நேரத்தில் தெருவே அதிர்ந்தது.

ரொஹேலியோ பால்கனிக்குப் பாய்ந்தான். "ஒண்ணும் நடக்கலை! எல்லாரும் உள்ள போங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. இதே வார்த்தைகளைக் காலேஜ் நாளில் ஒரு போலீஸ்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார். அவரைப் பார்த்து மிக மோசமாக ஊளையிட்டவன் ரொஹேலியோதான்.

"யாருடா அது, நம்மளை உள்ள போகச் சொல்றது?"

"நம்ம ரொஹேலியோ! எப்படா விலை போனே?"

அவன் தலையைத் தாண்டி ஒரு தக்காளி பறந்து வந்து உணவறைச் சுவரில் மோதியது.

அமான்சியோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஒரு சின்னப் பொண்ணு! கடைசியா சொல்றேன். ஒண்ணு அவ வாயை மூடு, இல்லைன்னா கடையை மற."

மேலாளர் நாற்காலி, புதுக் கார், கடற்கரையில் ஒரு வாரம் எல்லாம் ரொஹேலியோவின் கண்முன் வந்து நின்றன. அந்தப் பழைய போலீஸ்காரரும் வந்து பக்கத்தில் நின்றார். மனிதர் இவனைப் போலவே மீசை வைத்திருந்தார்.

அவன் சமையலறைக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

"சட்டம் ரத்து! இனிமே இந்த வீட்டுல யார் வேணா, யார் முன்னாடி வேணா, என்ன வேணா பேசலாம்! கடை போனா போகட்டும்!"

உள்ளே சத்தம் நின்றது. தாழ் விலகியது.

அப்பா சொன்னபடியே ஒரு வார்த்தை பேசாமல், கன்னம் புடைக்க ஃபிளான் தின்றுகொண்டிருந்தாள் மைலென். அவளுக்குப் பின்னால் தலைமுடி கலைந்து, ஒரு கையில் பாத்திரமும் மறு கையில் கரண்டியுமாக மூச்சு வாங்க நின்றார் தெல்ஃபினா.

கரண்டியை அமான்சியோவின் பக்கம் நீட்டினார்.

"தம்பி, இப்போ சொன்னீங்களே, அதை இவரையும் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க."