அதெல்லாம் சொல்லியாச்சு

மின்சாரம் போனால்தான் சிலருக்கு உயிர் வரும். அந்த இனத்தில் ஒருவர்தான் ஃபீடர் சார். வைத்த பெயரல்ல, சம்பாதித்த பெயர். கரன்ட் போனதும் தன் வீட்டு சுவிட்சை நாலு முறை தட்டி, எதிர் வீட்டு மின்விசிறியை எட்டிப் பார்த்து, அதுவும் நின்றிருந்தால் பாதித் துக்கம் தீர்ந்து, சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து, நோயாளியின் நாக்கைப் பார்க்கும் டாக்டரைப்போலக் கம்பிகளைப் பார்த்துவிட்டு, "ஃபீடர் போயிருக்கு. மூணு மணி நேரமாகும்" என்பார். ஃபீடர் என்றால் என்ன? யாரும் கேட்டதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை.

அன்று காலை பதினொரு மணிக்குப் போயிற்று. வழக்கம்போலத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தபோது, கீழ் வீட்டுப் பெண் ஓடி வந்தாள். அவளுடைய அப்பாவுக்கு மூச்சு ஓடுவதே ஆக்சிஜன் இயந்திரத்தால். அதன் பேட்டரி ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

"ஆபீஸுக்குச் சொல்லிட்டீங்களா சார்?"

"அதெல்லாம் சொல்லியாச்சும்மா."

யார் சொன்னது? அந்த நுணுக்கத்துக்குள் ஃபீடர் சார் போகவில்லை. இத்தனை பேர் இருக்கும் தெருவில் ஒருவராவது சொல்லாமலா இருப்பார்? எதிர்க்கடைத் தையல்காரர் நினைத்ததும் அதுவேதான். சார் இருக்கும்போது நமக்கேன் வம்பு என்று அவரும் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து அவள் மறுபடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"நம்பரைக் குடுங்க சார். நானே பேசறேன்."

சாரிடம் எண்ணே கிடையாது. இல்லையென்று சொல்ல வாய் வர வேண்டுமே!

"எல்லாரும் கூப்பிட்டா அவங்க போனை எடுக்கறதா, வேலையைப் பாக்கறதா? கொஞ்சம் பொறும்மா."

அவள் பொறுக்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி தையல்காரரிடம் சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் மின்சார அலுவலகத்துக்கு ஓடினாள். பத்தே நிமிடத்தில் லைன்மேனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தாள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபியூஸ் போயிருந்தது. லைன்மேன் அதை மாற்ற நாலு நிமிடம் ஆயிற்று. கீழ் வீட்டு இயந்திரத்தின் பேட்டரியில் கடைசிக் கோடு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தபோது கரன்ட் வந்தது. கிழவர் பிழைத்தார்.

கையைத் துடைத்துக்கொண்டே லைன்மேன் கேட்டார்: "ஒரு போன்கூட வரலையே, ஏன்? நாங்க ரெண்டு பேரு சும்மாதான் உட்கார்ந்திருந்தோம்."

தெரு முழுவதும் ஃபீடர் சாரைப் பார்த்தது. அவர் செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு லைன்மேனின் முதுகில் தட்டினார்.

"பரவாயில்லை தம்பி. அடுத்த தடவை இவ்வளவு லேட் பண்ணாதீங்க."

அந்தப் பெண் லைன்மேனிடம் எண்ணைக் கேட்டு வாங்கித் தன் வீட்டு வாசற்கதவில் எழுதிவிட்டு, அப்பாவிடம் போய்விட்டாள். அதை யாரெல்லாம் குறித்துக்கொண்டார்கள்? ஒருவருமில்லை. அதான் கதவில் இருக்கிறதே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தின் எண் உங்களிடம் இருக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கும் என்கிறீர்களா? அவரை விசாரித்துவிட்டுத்தான் வருகிறேன். உங்களிடம் இருக்கும் என்றார்.