மூன்றாவது பிணைப்பு

வாத்தியார் வேலையில் உதாரணம் சொல்வதைப் போல ஆபத்தான காரியம் வேறு கிடையாது. புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பவர்கள் நிம்மதியாக ஓய்வு பெறுகிறார்கள். நான் உதாரணம் சொன்னேன். இன்னும் அனுபவிக்கிறேன்.

அப்போது கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் நான் தற்காலிக உயிரியல் ஆசிரியை. வேலை போனால் மறுநாளே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடலாம் என்று சொந்த ஊரான வடக்கனந்தலில் அப்பா காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. "அவருக்கு உங்க கிளாஸ் புடிச்சாதாம்மா அடுத்த வருஷம் வேலை. இல்லன்னா நான் இன்னா பண்றது?" என்று தலைமை ஆசிரியர் கையைப் பிசைந்தார்.

பாடம் டிஎன்ஏ. முறுக்கிய ஏணி மாதிரி இரண்டு இழைகள். நடுவே படிகளாக A, T, G, C என்ற நான்கு காரங்கள். யாரோடு யார் சேரலாம் என்பதற்குக் கறாரான விதி உண்டு. நான் சொன்னேன்: "A-க்கு T தான் முறை. G-க்கு C தான் முறை. மத்ததெல்லாம் பங்காளி." வகுப்பு கப்பென்று பிடித்துக்கொண்டது. (நோபல் பரிசு வாங்கியவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று கொஞ்சம் வருத்தப்பட்டேன்.)

அந்த மிதப்பில், பிளஸ் டூ பிள்ளைகளையே டிஎன்ஏவாக மைதானத்தில் நிறுத்துவது என்று முடிவெடுத்தேன். பையன்கள் ஒரு இழை, பெண்கள் எதிர் இழை. எல்லோர் கழுத்திலும் எழுத்து அட்டை. ஜோடிகள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

செல்வி மட்டும் நகரவில்லை. "டீச்சர், எதுத்தாப்புல நிக்கறவன் எனக்கு மாமன் பையன். அவன் கையப் புடிச்சா மலை பூரா கலாய்ப்பாங்க. என்னால ஆவாது."

"இது அறிவியல் செல்வி. கையைப் பிடிச்சா என்ன ஆயிடும்?" என்று முற்போக்காகச் சிரித்தேன். பிறகு அவளை ஹெலிகேஸ் ஆக்கினேன். டிஎன்ஏ தன்னையே நகலெடுக்கும் இரட்டிப்பு நடக்கும்போது நடுவில் புகுந்து இரண்டு இழைகளையும் பிரித்துவிடுகிற நொதி அது. பிரித்த ஒவ்வொரு இழைக்கும் புது ஜோடி வர வேண்டும். அந்தப் புது ஜோடிகள் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள்.

அதிகாரியின் ஜீப் உள்ளே நுழைந்ததும் என் டிஎன்ஏ தானாகவே இடம் மாறியது. முறைக்காரர்கள் எல்லாம் விலகி, அண்ணன் தங்கைகளாகப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். A-யோடு G, T-யோடு T. அப்படி ஒரு உயிர் பூமியில் பிறந்தால் அதற்கு எத்தனை கால் இருக்கும் என்று சொல்ல முடியாது.

போதாக்குறைக்கு ஏணியின் கடைசிப் படிக்கு ஒரு ஜோடி குறைந்தது. "நீங்களே நில்லுங்க, சாரும் வருவாரு" என்று தலைமை ஆசிரியர் கணக்கு வாத்தியார் வாசுவைத் தள்ளிவிட்டார். நான் G, அவர் C. A-T-க்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, இரண்டு கை போதும். G-C-க்கு மூன்று. மூன்றாவது கைக்கு எங்கே போவது? இத்தனை தப்புக்கு நடுவில் இதையாவது சரியாகச் செய்யலாம் என்ற வெறியில், என் முந்தானையை அவர் கைக்குட்டையோடு முடிச்சுப் போட்டேன். வாசு சார் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றார்.

செல்வி புறப்பட்டாள். ஜோடிகள் விட்டால் போதும் என்று பிரிந்தார்கள். எங்களிடம் வந்தாள். கைகள் பிரிந்தன. முடிச்சு அவிழவில்லை. இழுத்தாள், பல்லால் கடித்தாள். "ஆவல டீச்சர்" என்று ஒதுங்கிக்கொண்டாள். மொத்த டிஎன்ஏவிலும் சரியாக இருந்தது நாங்கள் மட்டும்தான். அதிகாரி கைதட்டினார். "ஜோடி ஜோடியா நிக்கறது சூப்பர்ம்மா. ஒற்றுமைதான் முக்கியம்!" என்று சொல்லிப் படமும் எடுத்தார். வேலை தப்பித்தது.

டிஎன்ஏ உட்கருவை விட்டு வெளியே போகாது. அதைப் பார்த்துப் படியெடுத்த ஆர்என்ஏதான் சேதியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும், T வருகிற இடத்தில் U என்று மாற்றிக்கொண்டு. நாங்கள் மைதானத்திலேயே இருந்தோம். படம் வாட்ஸப்பில் மலையிறங்கியது. அதிலும் ஒரே ஒரு மாற்றம்தான்: 'செயல்வழி உயிரியல்' என்ற தலைப்பு இருந்த இடத்தில் 'டீச்சருக்குக் கல்யாணமாமே!'

சாயங்காலம் அப்பாவின் போன். "இன்னாடி இது? முந்தானைய முடிஞ்சிக்கினு நிக்கற?"

"அப்பா, அது ஹைட்ரஜன் பிணைப்பு."

"அது கெடக்கட்டும். பையன் எந்த ஊரு?"

நைனார்பாளையம். அப்பாவுக்கு அது தெரிவதற்குள் வாசு சார் வீட்டிலிருந்து பூ, பழத்தட்டோடு ஆட்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். மறுநாள் காலை பள்ளியில், வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. வாசு சாரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மனுஷன் ஒருவழியாக முடிச்சு அவிழ்ந்த கைக்குட்டையைத் துவைத்து மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

செல்வி கல்யாணத்துக்கு ஒரு கத்தரிக்கோலை ரிப்பன் கட்டிப் பரிசளித்தாள். இப்போதும் வீட்டில் சண்டை முற்றினால் வாசு போனை எடுப்பார். "இன்னா, ஹெலிகேஸக் கூப்புடட்டா?"

"கூப்பிடுங்க. அவதான் அன்னைக்கே கைய விரிச்சிட்டாளே" என்பேன்.